மூன்றாவது ஊருக்குப் போகாத கடிதம்

காட்டுக்கொல்லை, ஜவ்வாது மலை
கார்த்திகை 10, 1979

ஒடுகத்தூரில் இருக்கும் உபதேசியார் ராஜாக்கண்ணுவுக்கு, சடையன் சொல்லச் சொல்ல அருணகிரி எழுதுவது. தோத்திரம் சொல்ல வாய் வரவில்லை. இருமல் நின்றதா என்று கேட்டிருந்தீர். நின்றது.

உம்முடைய கடிதம் முதல் ஞாயிறு இங்கே ஜெபக் கொட்டகையில் வாசிக்கப்பட்டது. மறு ஞாயிறு மேல்கொல்லையில். ஆதிச் சபைகளில் இப்படித்தான் எழுத்துத் தெரிந்தவன் ஒருவன் வாசிக்க, மற்றவர்கள் கேட்டு, அடுத்த ஊருக்குக் கொடுத்தனுப்பினார்கள் என்று சொல்லிக்கொடுத்தவர் நீர். எனக்கு எழுத்து இல்லை. ஆனால் ஒருமுறை காதில் விழுந்தது போகாது. முதலில் ஏழு பேருக்கு வாழ்த்து. ஏழாவது பேர் ஜெயம்மாள். அதற்கடுத்து எழுதினீர்: களத்தில் எடுத்த சாமைக்காகப் பாஞ்சாலை செந்தாமரையிடம் மன்னிப்புக் கேட்டு, இருவரும் ஒருமனப்பட வேண்டும்.

செந்தாமரைக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. எழுந்து நின்று, "பன்னி தின்னுட்டு பூட்ச்சின்னு இல்ல நெனச்சினு இருந்தேன், நீதானாடி" என்று கேட்டாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். என் மகள் பாஞ்சாலை கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

அது போன வருஷத்து அறுப்பு. அவள் புருஷன் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போய்த் திரும்பாத மாசம். இரண்டு பிள்ளைகளுக்கும் காய்ச்சல். செந்தாமரை களத்தில் நாலு படி சாமை எடுத்தாள். என்னிடம் மட்டும் சொல்லி அழுதாள். நான் உம்மிடம் மட்டும், முழங்காலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். அதை நீர் தபாலில் போட்டீர்.

மேல்கொல்லைக்குப் போகுமுன், அந்த இடத்தை விட்டுவிட்டுப் படித்தால் இன்னாடா என்று, வாசிக்கிற அருணகிரியைக் கேட்டேன். "ஒரு வார்த்தையும் வுடாத படின்னு அவுரே எழுதிக்கீறாரு மாமா, நான் இன்னா பண்றது" என்றான். இதையும் அவன் கையாலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன். எழுதட்டும்.

பாஞ்சாலை ஊர்க் கிணற்றுக்குப் போவதில்லை. கொட்டகைக்குப் பின்னால் இறங்கி ஓடைக்குப் போகிறாள். எனக்குக் களி போட்டு வைக்கிறாள். பதினைந்து நாளாக ஒரு பேச்சில்லை.

கடிதம் போகவேண்டிய மூன்றாவது ஊர் ஆத்துக்கொல்லை, அவள் மாமியார் ஊர். செவ்வாய்க்கிழமை அங்கிருந்து தசரதன் கடிதம் வாங்க வந்தான். மழையில் ஊறிக் கிழிந்துவிட்டது என்றேன். அது என் இடுப்பில் முடிந்திருக்கிறது. என்னைப் பொய் சொல்ல வைத்தவர் நீர்.

வேதத்தில் வரும், சிறையில் இருந்த ஒரு பெரியவர், பிணக்கில் இருந்த இரண்டு பெண்களின் பேரைச் சொல்லி எழுதினார், அந்தப் பேரை இன்றைக்கும் சபைகளில் வாசிக்கிறார்கள் என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னீர். அந்தப் பெண்களை யாராவது கேட்டார்களா என்றேன். நீர் சிரித்தீர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இன்னொரு கடிதம் எழுதும். மூன்று ஊருக்கும் போகட்டும். அதில் பாஞ்சாலை பேர் வரக்கூடாது. என் பேரைப் போடும். பெற்ற மகள் நம்பிச் சொன்னதைச் சடையன் வெளியே சொன்னான், அவன் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுதும். ஒரு வார்த்தையும் விடாமல் படிக்க வேண்டும் என்று அதிலும் போடும்.

அவள் கொட்டகைக்குள் வரமாட்டாள். அவள் குடத்தோடு ஓடைக்கு இறங்கும் நேரம் பார்த்து, அருணகிரியைச் சத்தமாகப் படிக்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
சடையன்
இடது கைப் பெருவிரல் ரேகை