கச்சான் வேகாத போறணை

மச்சான்,

நேற்று செல்வத்தின் மகன் ஒரு நத்தார் கேக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். வருடா வருடம் உன் வீட்டுக்கு வருவது. நீ கண்ணை மூடிய பிறகு என்னிடம் வந்திருக்கிறது. பொதியைப் பிரித்ததும் ஏலமும் கராம்பும் மணத்தன. எனக்கு நம் கெலிஓயா பேக்கரியின் பழைய நாட்கள்தான் நினைவுக்கு வந்தன. ஆனால் சாப்பிடவில்லை. செல்வத்தின் கேக்கை நான் தொட்டதே கிடையாது, உனக்குத் தெரியும்.

விடிந்ததும், சுடப் போகும் முதல் பாண் மாவில் கத்தியால் சிலுவை கீறிவிட்டுத்தான் நீ வேலையைத் தொடங்குவாய். நம்மிடம் மாவு பிசையப் பழகிய செல்வம், எதிர்ப்பக்கத்திலேயே கண்ணாடி அலுமாரியும் கலர் லைட்டுமாகக் கடை போட்டான். கேக்கில் கச்சான் கடலையை நொறுக்கிப் போட்டு, முந்திரி போட்ட கஜு கேக் என்று மலிவாக விற்றான். நம் வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தெருவைக் கடந்தார்கள். அவன் வான் வண்டி வாங்கினான்; நம் கூரைத் தகரம் ஒழுகியது. நாமும் கொஞ்சம் கச்சான் கலந்தால் என்ன என்று கேட்டேன். நீ மாவுக் கையை என் முன்னால் நீட்டினாய்.

"இந்தக் கையாலதான் பாணுக்குச் சிலுவை போடுறேன். இதே கையால பொய்யையும் கலக்கச் சொல்றியா?"

அவன் வான் போகும்போதெல்லாம் நான் வயிறெரிவேன். பாண் சுடும் போறணையில் எரிகிற நெருப்பு போதாதா என்று நீ சிரிப்பாய். எனக்குச் சிரிப்பே வராது.

ஒரு டிசம்பரில், நத்தார் வாரத்தில் செல்வத்தின் போறணை இடிந்து விழுந்தது. நம் பக்கத்து வழக்கப்படி வீடுகளில் கேக் கலவை சேர்த்து, சுட்டுத் தரச் சொல்லி அவனிடம் கொடுத்திருந்த தட்டுகள் அத்தனையும் பச்சையாகக் கிடந்தன. நம் வாசலில் வந்து நின்றான். அவனுக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். நீயோ, நம் கடைக்குச் சுட வைத்திருந்த தட்டுகளை ஒதுக்கினாய். அந்த வருடம் நம் நத்தார் வியாபாரம் அதோடு போயிற்று.

"வீட்டுத் தட்டெல்லாம் கொண்டு வா செல்வம். ஒன்னோட கேக்கைக் கச்சான்னு சொல்லி விக்கிறதா இருந்தா அதையும் சுட்டுத் தாரேன். கஜுன்னு விக்கிறதா இருந்தா இந்தப் போறணைக்குள்ள போகாது."

அவன் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுத் தட்டுகளை மட்டும் சுமந்து வந்தான்.

மறுநாள் தட்டு வாங்க வந்த பெண்கள், ஏன் இங்கே சுட்டீர்கள் என்று விசாரித்தார்கள். செல்வம் பக்கத்தில் கைகட்டி நின்றான். ஊருக்கு முன்னால் அவன் மானத்தை வாங்க அதைவிட நல்ல நேரம் வராது. கச்சான் விஷயம் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நீ முந்திக்கொண்டு, அவன் போறணை இடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னாய்.

அன்று உன்மேல் எனக்குக் கோபம். இன்று நினைத்தால் உன்னோடு தொழில் செய்தேன் என்பதே பெருமையாக இருக்கிறது. கடைசிவரை நீ வான் வாங்கவில்லை. தகரத்தை மட்டும் மாற்றினோம்.

இப்போது முதல் பாணில் சிலுவை கீறுவது நான்தான். இன்று காலை கீறி முடித்து, அதே கத்தியால் செல்வத்தின் கேக்கில் ஒரு துண்டு வெட்டினேன். சந்தேகத்தோடுதான் கடித்தேன்.

கஜு, மச்சான். முழுக்க முழுக்கக் கஜு.