இடி இல்லாத மின்னல்

செப்டம்பர் 24, செவ்வாய்

வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்து இன்றோடு மூன்று நாள். கண்ணைவிடக் காணவந்த கூட்டம்தான் பெரிய தொந்தரவு. எல்லார் கையிலும் ஆரஞ்சு. ஆப்பரேஷன் என்ன வயிற்றிலா நடந்தது?

அடுத்த வீட்டுச் சரோஜம் மட்டும் வெறுங்கையோடு வந்து ஒரு மணிக்கூர் இருந்தாள். ஓணத்துக்கு முன்னமே அவளுக்கு இதே ஆசுபத்திரியில் இதே ஆப்பரேஷன். அன்றிலிருந்து அவள் இந்த ஆரியங்கோட்டு ஊருக்கே கண் டாக்டர் ஆக்கும். ஆசுபத்திரியில் கொடுக்கிற எச்சரிக்கை நோட்டீசை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள். "அக்கா, இதை ஃபிரிட்ஜில ஒட்டி வச்சிருங்க, எப்ப என்ன வரும்ணு சொல்ல முடியாது" என்றாள். அவள் படி இறங்கியதும் நோட்டீசை நாலாய் மடித்து, ஆடுகிற சாப்பாட்டு மேசையின் காலுக்கு அடியில் செருகினேன். மேசை இப்போது ஆடவில்லை. அதற்காவது உதவியது.

இடது கண் எனக்கு ஏழு வயதிலேயே சுண்ணாம்பு தெறித்துப் போனது. இருப்பது இது ஒன்றுதான். அதைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியாதா?

செப்டம்பர் 28, சனி

மானம் போச்சு.

நேற்றுக் கண்ணில் மணல் கிடக்கிற மாதிரி உறுத்தல். தண்ணீராய் வடிகிறது. வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டி நீலமாய்த் தெரிகிறது. பயந்துபோய் அவரையும் இழுத்துக்கொண்டு நெய்யாற்றின்கரை ஆசுபத்திரிக்கு ஓடினேன். எனக்கு ஆப்பரேஷன் செய்த அந்த டாக்டர் பையனுக்கு என் மகன் வயசுகூட இராது. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இதெல்லாம் சாதாரணம் அம்மா, தன்னால மாறும்."

வந்ததும் வராததுமாய் இந்த மனுஷன், சுவாமிதாஸ், எல்லாவற்றையும் சரோஜத்திடம் கொட்டிவிட்டார். காலையில் பால் சொசைட்டி முழுக்க அதே பேச்சு. "கார்த்தியாயினி அக்கா வேட்டி நீலமா தெரியுதுண்ணு ஆசுபத்திரிக்கு ஓடினாங்களாம்!" ஒரே சிரிப்பு. இனி கண் தெறித்துக் கீழே விழுந்தாலும் அந்த டாக்டர் முன்னால் போய் நிற்க மாட்டேன்.

இவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, மலையாளம் மட்டும்தான். ஆகவே இவரைப் பற்றியும் தைரியமாக எழுதலாம்.

அக்டோபர் 6, ஞாயிறு

நான் குனியக் கூடாதாம். அதனால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட இவர் போகிறார். பட்டையைக் கீறச் சொன்னால் தடியைச் செதுக்குகிறார். மரத்துக்கு வாய் இருந்தால் பாறசாலை போலீசில் போய்ப் புகார் கொடுக்கும்.

அக்டோபர் 16, புதன்

மழை விட்டால் போதும், ரப்பர் தோட்டத்துக் கொசு முழுக்க என் முகத்தில்தான். கண்ணுக்கு முன்னாலேயே நாலைந்து சுற்றுகிறது. அடித்து அடித்துக் கை வலிக்கிறது, ஒன்றும் சாகவில்லை. கொசுவத்தி கொளுத்தச் சொன்னால், "எங்க கொசு? நான் ஒண்ணும் காணல்லியே" என்கிறார்.

இந்த மனுஷன் எதைத்தான் கண்டார்! பானையில் சோறு தீர்ந்ததைக்கூடக் கண்டதில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

துலா மாதத்து மழைக்காலம். மத்தியானத்திலிருந்தே மின்னல். போன வருடம் இதே மாதத்தில்தான் இடி விழுந்து டிவி கருகியது. அதனால் டிவி, ஃபிரிட்ஜ், மிக்சி எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கினேன். இவர் செருக, நான் பிடுங்க, இவர் செருக. "வானம் தெளிஞ்சுதானே கிடக்கு" என்றார். தூரத்தில் மின்னினால் இடி இங்கே எப்படிக் கேட்கும்? அந்த அறிவு வேண்டாமா?

ஃபிரிட்ஜில் இருந்த மீன் கெட்டது. அதுவும் என் குற்றமாம்.

அக்டோபர் 19, சனி

சரோஜத்தை விரட்டினேன்.

காலை பத்து மணிக்கு மின்னியது. மழை வருமுன் கொடியில் காய்கிற ரப்பர் ஷீட்டை எடுத்துவிடலாம் என்று ஓடினேன். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள்.

"ஏன் அக்கா ஷீட்டை எடுக்குதிய? நல்ல வெயிலுல்லா?"

"மின்னுதுட்டீ. உனக்குக் கண்ணு காணல்லியா?"

"எங்க மின்னுது?"

"அங்க. வலது பக்கம்."

அவள் அங்கே பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். வேலியைச் சுற்றிக் கிட்டே வந்து, "கண்ணை மூடுங்க அக்கா" என்றாள், பச்சைப்பிள்ளையிடம் சொல்கிற மாதிரி. மூடினேன்.

"இப்ப மின்னுதா?"

மின்னியது. சொல்லவில்லை. "உனக்க வைத்தியத்தை உனக்க வீட்டுல வச்சுக்க, போட்டீ" என்றேன்.

மூடின கண்ணுக்குள்ள மின்னுமா? மின்னாது. பின்ன எனக்கு என்ன எளவு மின்னுது? — போனால் அந்தப் பையன் மறுபடியும் சிரிப்பான். திங்கட்கிழமை சொசைட்டி சிரிக்கும். வேண்டாம்.

அக்டோபர் 21, திங்கள்

திருவனந்தபுரத்து ஆசுபத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். எழுத்து கோணுகிறது.

நேற்றுக் காலை மூக்குப் பக்கம், கீழே, ஒரு கறுப்பு. சேலைத் தலைப்பு என்று நினைத்துத் தட்டினேன். போகவில்லை. முகம் கழுவினேன். போகவில்லை. மத்தியானத்துக்குள் அது மேலே ஏறியிருந்தது.

மேசையைத் தூக்கி நோட்டீசை எடுத்தேன். மேசைக்கால் அழுத்தி நடுவே ஓட்டை. மிச்ச எழுத்தும் தெளியவில்லை. இருக்குதது ஒண்ணு, அதும் போனா நான் என்ன செய்வேன், இந்த மனுஷனுக்க கையைப் பிடிச்சா கக்கூசுக்குப் போவேன்? வேலிக்கு ஓடி, "ஏட்டி சரோஜம், அந்த நோட்டீசைச் சொல்லு" என்றேன்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். உறுத்தல், நீர் வடிதல், நிறம் மாறித் தெரிதல் — சாதாரணம். வலி கூடினால், கண் சிவந்து பார்வை மங்கினால், கொசு பறக்கிற மாதிரி கரும்புள்ளி வந்தால், கண்ணின் ஓரத்தில் மின்னினால், திரை விழுகிற மாதிரி நிழல் ஏறினால் — அன்றைக்கே வரணும்.

கடைசி மூன்றும் எனக்கு உண்டு. கொசுவை அடித்த அடி எல்லாம் நினைவு வந்தது.

சரோஜம் உடுப்பு மாற்றக்கூட நிற்கவில்லை. நைட்டிக்கு மேலே ஒரு தோர்த்துத் துண்டைப் போட்டுக்கொண்டு என்னோடு ஆட்டோவில் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் அந்த டாக்டர் பையன் வந்தான். நெடுநேரம் பார்த்தான். சிரிக்கவில்லை. சிரித்துத் தொலைத்திருக்கலாம்.

"ரெட்டினா விட்டுப் போகுது அம்மா. நடுப்பாகத்துக்கு இன்னும் எத்தல்ல. ரெண்டு நாள் கழிஞ்சு வந்திருந்தா..." மிச்சத்தை விழுங்கிவிட்டு இங்கே அனுப்பினான். இன்று ஆப்பரேஷன்.

அக்டோபர் 27, ஞாயிறு

வீட்டில். கண்ணுக்குள் வாயு அடைத்திருக்கிறார்கள். இன்னும் நாலு நாள் குப்புறவே கிடக்கணும். பார்வை எவ்வளவு திரும்பும் என்று யாரும் சொல்லவில்லை. எல்லாம் புகை. கை போன போக்கில் எழுதுகிறேன்.

இவர் சொட்டு மருந்து விட்டால் மூக்கில்தான் விழுகிறது. அதனால் தினம் நாலு நேரம் சரோஜம் வருகிறாள். மருந்து ஒரு சொட்டு, பேச்சு ஒரு குடம். அப்படியே காதையும் அடைத்துவிட்டிருக்கலாம்.

நவம்பர் 9, சனி

மேல் பாதியில் வெளிச்சம். கீழ்ப் பாதியில் வாயு, குளத்து வெள்ளம் மாதிரி ஆடுகிறது. இவரிடம் சொன்னேன். தோட்டத்துப் பக்கம் போய் நின்று அழுதார். அழுகிற நேரத்துக்கு நாலு மரம் ஒழுங்காக வெட்டியிருக்கலாம்.

நவம்பர் 24, ஞாயிறு

வாயு முழுக்கப் போய்விட்டது. முன்னைப்போல அவ்வளவு தெளிவில்லை, ஆனாலும் இந்த வரியை வாசிக்க முடிகிறது. நோட்டீசு ஃபிரிட்ஜில், ஓட்டையோடு. மேசை மறுபடியும் ஆடுகிறது.

"நான் மட்டும் காணல்லேன்னா அக்காவுக்க கண்ணு போயிருக்கும்" என்று சொசைட்டியில் சரோஜம் தினமும் பிரசங்கமாம். நான்தான் முதலில் மின்னலைக் கண்டவள், அதை யார் சொல்வார்கள்? போகட்டும், சொல்லிக்கொள்ளட்டும்.

மத்தியானம் சொட்டு மருந்து விட அவள் குனிந்தபோது முகம் முழுசாகத் தெரிந்தது. தாடையில் மூன்று முடி. மூன்றும் வெள்ளை. ஒவ்வொன்றாக எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன்.

கேலி வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.