கயிற்றைத் தாழ்த்திக் கட்டச் சொன்னார்கள்

ஹாலோ ஃபோர்டு, வட கரோலினா
1951 ஜூலை, ஞாயிறு மதியம்

என் அருமை மகன் ஹூவருக்கு,

உன் அப்பன் எசெல் பேட்டில் எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் உன் அம்மா லவ்வியும் எழுந்து நடமாடுகிறோம். என் இடது முழங்கால் மட்டும் மழை வருமா வராதா என்று ஜோசியம் சொல்கிறது, பெரும்பாலும் தப்பாக. ஆறாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, கோணலை நீயே நிமிர்த்திப் படித்துக்கொள். நீ பிறந்த வருஷம் பதவிக்கு வந்த ஜனாதிபதியின் பேரை உனக்கு வைத்தவன் நான். அந்த வருஷமே நாடு திவாலாயிற்று. ஆகவே என் யோசனைகளை யாரும் மதிப்பதில்லை என்பதும் உனக்குத் தெரியும்.

வரும் சனிக்கிழமை நீ இங்கே வாசிக்கிறாய் என்று ஊரெல்லாம் உன் படம் போட்ட விளம்பர அட்டை அடித்துவிட்டார்கள். தந்திக்கம்பம் ஒன்று பாக்கியில்லை. கன்னம் உப்ப சாக்ஸபோன் ஊதுகிறாய், தொப்பி பின்னால் சரிந்திருக்கிறது. உன் அம்மா ஒன்றைப் பிய்த்துக்கொண்டு வந்து சமையலறையில் மாட்டிவிட்டாள். திருட்டு இல்லையா லவ்வி என்று கேட்டேன். “பெத்தவ நான், ஒட்டினவன் எவனோ. யாரு பொருள யாரு திருடுறது?” என்றாள். பாஸ்டரைத்தான் கேட்க வேண்டும்.

முடிவெட்டும் பர்விஸ் மாறவில்லை. அவனுக்குப் பாட்டு என்றால் பிக் ஓடெல்தான். போன மாதம் அந்த மனிதர் இங்கே வந்து கத்தியதில் பர்விஸுக்கு இரண்டு நாள் காது கேட்கவில்லை, அதையும் பெருமையாகச் சொல்கிறான். “எசெலு, உன் மவன் வாசிக்கிறது பாட்டா, இல்ல பன்னி வேலியில மாட்டிக்கிச்சா?” என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது கேட்டான். ஆனால் எதிரே கறி சுடும் கடையில் உன் இசைத்தட்டைப் போட்டால் அவன் பாதம் தாளம் போடுகிறது. நான் சுட்டிக் காட்டினேன். “கால் அதுவா ஆடுது, நான் என்ன பண்ண?” என்கிறான். என்னிடமிருந்து உனக்கு வந்தது கன்னம் மட்டும்தான், மூச்சு அம்மா வீட்டுச் சொத்து என்று சொல்லி வைத்தேன். நான் சீப்பில் காகிதம் வைத்து ஊதினாலே நாய் எழுந்து போய்விடும்.

வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் உன் மேல் பைத்தியம். மேசை நாற்காலி விற்கும் கடையில் நம் கறுப்பு ஆட்களின் இசைத்தட்டைப் பின்வாசல் பக்கம்தானே வைத்திருப்பார்கள், இப்போது முன்வாசல் பிள்ளைகள் எல்லாம் அந்தப் பின்வாசலில் நிற்கிறார்கள். கிடங்கு முதலாளி ஸ்ட்ரௌட் இந்தக் காசை விடுவாரா? ஆகஸ்டில் ஏலம் தொடங்கும்வரை புகையிலைக் கிடங்கு சும்மாதானே கிடக்கிறது. இரண்டு நிறத்துக்கும் டிக்கெட் விற்கிறார். நடுவில் கயிறு, இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அவர்கள். கிடங்கு கூட்டுபவன் நான் என்பதால் கயிறு கட்டுவதும் நான்தான். பிக் ஓடெல் வந்தபோது மார்பு உயரத்துக்கு விறைப்பாகக் கட்டி, ஒவ்வொரு தூணிலும் இரண்டு முடிச்சுப் போட்டேன்.

டிக்கெட் வாங்கின கூட்டத்துக்கு முன்னால் நீ வாசித்து நான் பார்த்ததே இல்லை. உன் அம்மா என் வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்ட போடில், அதைத் தனியாக அனுப்பினாலும் நடந்து போய்விடும்.

ஒரே ஒரு விஷயம். நம் ஆட்கள் பத்திரிகையில் உன் படம் வந்தது. எந்த ஊரோ, நீ மேடையிலிருந்து இறங்கி, ஊதிக்கொண்டே நடந்து, கயிற்றைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நிற்கிறாய். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கை உன் தோளில். பர்விஸ் அதைக் கண்ணாடியில் செருகி வைத்திருந்தான், நான் எடுத்துவிட்டேன். “நல்ல படம்டா அது” என்றான். நல்ல படம்தான், அதனால்தான் எடுத்தேன் என்றேன். எங்கும் நட, இந்த ஊரில் மட்டும் நின்ற இடத்தில் நின்று வாசி மகனே.

செவ்வாய்க்கிழமை

மேலே உள்ளதை நான் தபாலில் சேர்க்கவில்லை. நல்லதாகப் போயிற்று. தபால் ஆபீஸில் நம் கடிதங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார்கள். ரயிலில் படுக்கை விரிக்கும் வார்டெல் கையில் இதைக் கொடுக்கிறேன், வியாழக்கிழமை ரிச்மண்டில் உன்னைத் தேடி வந்து தருவான். படித்ததும் கொளுத்திவிடு.

இன்று காலை நான் கிடங்கு கூட்டிக்கொண்டிருந்தபோது ஸ்ட்ரௌட் வந்தார். கூட ஷெரீஃப் ஆபீஸ் போலீஸ்காரன் கேஸ்கின்ஸும், உரம் விற்கும் ஒருவனும். “எசெல், சனிக்கிழமை கயிற எங்க கட்டுவ?” என்றார் ஸ்ட்ரௌட். மார்பைத் தொட்டுக் காட்டினேன். “அவ்ளோ உசரம் வேணாம். முட்டிக்குக் கட்டு. தொங்கலா விடு.”

நான் வழக்கம்போல இளித்தேன். அவ்வளவு தாழ்வா இருந்தா யாராச்சும் தடுக்கி விழுவாங்களே ஐயா என்றேன்.

“யாரும் விழக்கூடாதுன்னுதான் சொல்றோம்,” என்றான் கேஸ்கின்ஸ். “உன் பையன் வசதியா தாண்டட்டும்.”

மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் தாடை இன்னும் வலிக்கிறது.

அப்புறம் ஸ்ட்ரௌட் என் கையில் ஒரு புதுப் பூட்டைக் கொடுத்தார். மேடைக்குப் பின்னால் இருக்கிற கதவுக்காம். பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் வெளியே போக அது ஒன்றுதான் வழி. “உன் பையன் உள்ள வந்ததும் பூட்டிடு. காசு குடுக்காத பயலுவ நுழைஞ்சிடுவானுங்க” என்றார்.

பர்விஸ் இன்னொன்று சொன்னான். வெள்ளைக்காரர் பக்கத்தில் கயிற்றை ஒட்டின இடங்களை எல்லாம் பெட்ரோல் பங்கில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் வாங்கியிருக்கிறார்கள். ஆடத் தெரியாதவர்கள், நம் பாட்டைக் கேட்டால் காறித் துப்புகிறவர்கள். ஒருவனும் பெண்டாட்டிக்கு டிக்கெட் வாங்கவில்லை. மனைவியை வீட்டில் விட்டுவிட்டு நடனத்துக்குப் போகிறவன் எதற்குப் போகிறான் என்று நீயே யோசி.

ஹூவர், வராதே.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். மேடையை விட்டு இறங்கவே மாட்டேன் அப்பா என்பாய். பாஸ்டர் ஜெபம் பண்ணும்போதே ஓர் இடத்தில் நிற்காத பிள்ளை நீ. நீ நின்றாலும் நம் ஆட்களே விடமாட்டார்கள். “நட ஹூவரு, நட” என்று கூரை அதிரக் கத்துவார்கள், அந்த நடைக்குத்தானே டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள். சரி, கல் மாதிரி நின்றுவிட்டாய் என்றே வைத்துக்கொள். தாண்டினான் என்று அத்தனை வாய் சேர்ந்து சொன்னால், நீ இல்லையென்று யாரிடம் போய்ச் சொல்வாய்? கேஸ்கின்ஸிடமா?

வரவில்லை என்று முதலாளிக்குத் தந்தியும் அடிக்காதே, உன் ஏஜென்டிடமும் மூச்சு விடாதே. முன்கூட்டியே தெரிந்தால் அவர்கள் உன் பஸ்ஸை மறிக்கச் சாலைக்குப் போய்விடுவார்கள். சனிக்கிழமை அவர்கள் எல்லோரும் கிடங்குக்குள் உட்கார்ந்து உனக்காகக் காத்திருக்க வேண்டும், அதுதான் நல்லது. நீ ரிச்மண்டிலிருந்து தெற்கே திரும்பாமல் நார்ஃபோக்குக்குப் போ. அம்மா அங்கே உன் பெரியம்மா வீட்டில் இருப்பாள். அவளை ஏற்றிக்கொண்டு வடக்கே போய்க்கொண்டே இரு.

அவளுக்கு எதுவும் தெரியாது. உன் பஸ் நார்ஃபோக் வழியாக வருகிறது, நீயே அழைத்து வருவாய் என்று சொல்லியிருக்கிறேன். மகனோடு ஊருக்குள் வந்து இறங்கப்போகிறோம் என்று நீலக் கவுனை எடுத்து வைத்துவிட்டாள், உனக்குக் கேக்கும் செய்துகொண்டிருக்கிறாள். உண்மையை நீதான் சொல்ல வேண்டும். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்கிற தைரியம் எனக்கு வரவில்லை. முதலில் கேக்கைச் சாப்பிடு, அப்புறம் சொல்.

நானும் அவளோடு கிளம்பலாமே என்பாய். கூட்டுகிறவன் காணாமல் போனால் அன்றைக்கே மோப்பம் பிடித்துவிடுவார்கள். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் பார்க்க நான் கயிறு கட்டுவேன், சொன்னபடி முட்டி உயரத்துக்கு, சொன்னபடி தொங்கலாக. நம் பக்கத்தில் குழந்தை குட்டிகள் இருக்கமாட்டார்கள். பர்விஸ் ஒவ்வொரு வீட்டிலும் காதோடு சொல்லி வருகிறான். பெரியவர்கள் கொஞ்சம் பேர் வந்து நின்றுவிட்டு ஒவ்வொருவராக நழுவிவிடுவார்கள். பஸ் எங்கே என்று ஸ்ட்ரௌட் கேட்டால், டயர் வெடிச்சிருக்கும் ஐயா, இதோ வந்துடுவான் என்பேன். மறுபடி கேட்டால் மறுபடி சொல்வேன். கோமாளித்தனம் எனக்குக் கைவந்த கலை, இத்தனை வருஷம் இந்த ஊரில் பிழைத்ததே அதை வைத்துத்தான். உனக்காவது அட்டை அடித்தார்கள், என் ஆட்டத்துக்கு அதுகூடக் கிடையாது. முடிந்தமட்டும் அவர்களை அங்கே உட்கார வைக்கிறேன். வண்டியை மெதுவாக விடக்கூடாது என்று நீ ஓட்டுகிறவனிடம் சொல்லிவிடு.

என் மேல் உனக்குக் கோபம் வரும். உன் சொந்த ஊரில் உன்னை வாசிக்கவிடாமல் செய்தவன் அப்பன் என்று காலமெல்லாம் சொல்லிக்கொண்டிரு. சொல்வதற்கு நீ இருந்தால் எனக்குப் போதும்.

எனக்குப் பதில் எழுதாதே. அப்பா எப்போது வருவார் என்று அம்மா கேட்டால், வேலையை முடித்துவிட்டு வருவார் என்று சொல்.

போகும்போதும் வரும்போதும் கர்த்தர் துணையிருக்கட்டும் என்றுதான் உன்னை ஒவ்வொரு முறையும் வழியனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை நீ போவதற்கு மட்டும்தான் ஜெபம் பண்ணினேன் மகனே. வருவதற்குப் பண்ணவில்லை.

உன் அப்பன்
எசெல் பேட்டில்