தக்காளிப் பாட்டிலில் ஐந்தைந்து சொட்டாக

அக்கா,

தக்காளிச் சாறு விற்கும் கண்ணாடி பாட்டில் ஒன்று என் மேசையில் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் கொண்டுவந்து வைத்தாள். மூடியைத் திறந்ததும் எனக்கு நன்றாகத் தெரிந்த வாசனை வந்தது. ஆலிவ் எண்ணெய், அதோடு நாங்கள் ஆய்வகத்தில் கலந்த ஆரஞ்சுத் தோல். ஆறு மாதமாக நான் உங்களுக்குக் கொடுத்த சின்ன பாட்டில்களின் எண்ணெய் முழுவதும் அதற்குள் இருந்தது.

"அம்மா ஒரு சொட்டும் குடிக்கேல்லை அக்கா. ஒவ்வொரு பின்னேரமும் அஞ்சு சொட்டை எண்ணி எண்ணி இதுக்குள்ள விடுவா. கேட்டா, 'மருந்தைக் கொட்டக் கூடாது' எண்டு சொல்லுவா," என்றாள்.

உங்கள் இதயம் நின்றுபோய் இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. அழ வேண்டிய எனக்கு உங்களோடு சண்டை போடத்தான் தோன்றுகிறது. நீங்கள் என்னை ஏமாற்றிவிட்டீர்கள் அக்கா. ஊர் பேர் தெரியாத யாராவது செய்திருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பேன்.

இங்கே சிசிலியில், பல்லரோ சந்தைக்குப் பின்னால் உங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் நான் குடிவந்தபோது, மதுரைப் பெண்ணுக்குப் புட்டு பிடிக்குமா என்று கேட்டுக்கொண்டே தட்டோடு படியேறி வந்தவர் நீங்கள். சர்க்கரை நோயால் உங்கள் பாதங்கள் எரிந்தன. மொண்டெல்லோ கடற்கரையில் சிஞ்ஞோரா என்று நீங்கள் சொல்லும் முதலாளியம்மாவின் வீட்டைத் துடைத்துவிட்டு வந்து, குளிர்ந்த தண்ணீர் வாளிக்குள் கால்களை வைத்தபடிதான் வெங்காயம் நறுக்குவீர்கள். அதைப் பார்த்துத்தான் கால் எரிச்சலுக்கான மருந்தைச் சோதிக்கும் எங்கள் ஆய்வில் சேரச் சொன்னேன்.

"கஞ்சாவோ தங்கச்சி?"

"அந்தச் செடிதான்க்கா. ஆனா போதை தர்ற பகுதியை எடுத்துட்டோம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் எண்ணெய். யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. இஷ்டமில்லைன்னா இப்பவே சொல்லிடுங்க."

"ஓம் ஓம், நீங்கள் எங்கட பிள்ளைதானே. கொண்டாங்கோ."

படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டீர்கள். வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைத் தினமும் நோட்டில் எழுதச் சொன்னேன். முதல் வாரம் எட்டு. பிறகு ஏழு, ஆறு, நான்கு. மாதம் தவறாமல் காலி பாட்டில்கள் திரும்பி வந்தன. செப்டம்பரில் சாந்தா ரொசாலியா புனிதையின் குகைக்கோயிலுக்கு வெறுங்காலோடு மலையேறினீர்கள். அன்றைய பக்கத்தில் இரண்டு என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை ஆய்வகம் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தேன். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மலையிலிருந்து இறங்கிய பிறகு மூன்று நாள் உங்களால் கால் ஊன்ற முடியவில்லையாம். உங்கள் மகள்தான் சொன்னாள். உண்மையான எண்ணை நீங்கள் வேறெங்கும் எழுதிவைக்கவில்லை. மலையேறிய நேர்த்திக்கடனும் உங்கள் காலுக்காக இல்லையாம். "உங்கட ஆராய்ச்சி நல்லபடியா முடியவேணும் எண்டு நேத்தி வைச்சவா."

ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். பெர்மெசோ என்னும் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் நேரம், ரத்தத்தில் கஞ்சா இருப்பது தெரிந்தால் குவெஸ்தூரா போலீஸ் அலுவலகத்தில் அதைத் தர மாட்டார்கள் என்று பயந்தீர்களாம். அக்கா, ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விளக்கிச் சொல்லியிருப்பேனே. பயம் போகாவிட்டால் விலகியிருக்கலாம். மாடிப்படி பதினெட்டுதானே. புட்டோடு ஏறி வந்தவருக்கு இதற்கு ஏறி வர முடியவில்லையா?

திங்கட்கிழமை பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் நோட்டில் உள்ளதை நம்ப முடியாது என்று எழுதிவைத்தார். பிறகு உங்களுக்குக் கொடுத்தது எது என்று எழுதி மூடியிருந்த உறையைப் பிரித்தார். உங்களுக்குக் கிடைத்தது வெறும் எண்ணெய் இல்லை. அந்த மருந்து உங்கள் வலிக்குக் கேட்டிருக்குமா கேட்டிருக்காதா என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. ஆனால் அது அத்தனை நாளும் உங்கள் சமையலறை அலமாரியில், தண்ணீர் வாளிக்கு மேலேயே இருந்திருக்கிறது.

கோபம் இன்னும் போகவில்லை. ஆனாலும் அந்த முதல் வாரம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. எட்டு என்று பார்த்ததும் என் முகம் வாடிப்போனது. "என்ன தங்கச்சி, கூடிப்போச்சோ?" என்று கேட்டீர்கள், சமையலில் உப்பைக் கூட்டிப் போட்டுவிட்டவர் போல. 'இல்லை' என்று நான் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஏழு வந்தது. நான் சிரித்தேன்.

நேற்று புதிதாகச் சேர்ந்த சிசிலிக்கார அம்மா ஒருவர் நோட்டை நீட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகம் தெரியாதபடி தலையைக் குனிந்துகொண்டேன். ஒன்பது என்று எழுதியிருந்தார். நன்றி என்று மட்டும் சொன்னேன். உங்களிடமும் அன்று அதை மட்டும்தான் சொல்லியிருக்க வேண்டும்.