உச்சிக் கிளை, அடிக் கிளை

அன்புள்ள கொக்குக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் நலமில்லை என்று தெரியும். செடி மூட்டையைக் கொண்டுவந்த ஜீப் ஓட்டுநர், "சார் கம்பு ஊனித்தான் சரிவுல ஏறுறாரு, வீட்ல சொல்லாதேன்னாரு" என்று மறக்காமல் சொல்லிவிட்டுப் போனார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க உங்களுக்கு இன்னும் வரவில்லை. தைலம் அனுப்பியிருக்கிறேன். அலமாரியில் வைத்து அழகு பார்க்காமல் தேய்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் அக்கா வந்திருந்தார். "எட்டு மாசமா ஒரு செடியோட பழத்தைத் தேடுறானாம், கேட்டா பொண்டாட்டி பேரு வச்ச செடிங்கிறான். பொண்டாட்டி இங்கதானே இருக்கா, அவளை யாரு தேடுறது?" என்று சமையலறையில் நின்று பொரிந்து தள்ளினார். நான் உங்களுக்காகத்தான் பேசினேன். அவர் போன பிறகு, அவர் சொன்னதும் நியாயம்தானே என்று பட்டது.

நீங்கள் மலையிலிருந்து அனுப்பிய புத்தகப் பிரதியைப் படித்து முடித்தேன். இந்தப் புதர்க் கூட்டத்தில் ஏழு இனங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழாவது என் பெயரில் இருப்பது. கல்யாணத்துக்கு முந்தின வாரம், இலையடியில் பூனைமுடி படர்ந்த ஒரு கிளையை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "இது புதுசு, இதுக்கு உன் பேருதான்" என்றீர்களே, அது. அதன் பழம் கிடைத்தால்தான் புத்தகம் முடியும், அதுவரை வரமாட்டேன் என்கிறீர்கள்.

பத்து நாளாக ஒரு விஷயத்தை எப்படிச் சொல்வது என்று விழித்துக்கொண்டிருக்கிறேன். சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது இனத்துக்கும் ஏழாவதுக்கும் எல்லை எங்கே என்று நீங்கள் எழுதிய பத்தி எனக்குப் பிடிபடவில்லை. அதனால் நான் வேலை பார்க்கும் செடிக் காப்பகத்தில் இரண்டின் தாள்களையும் எடுத்து நீள மேசையில் பரப்பினேன். பதினைந்து வருஷமாகக் காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டுகிறவளுக்கு இலையைவிடக் கையெழுத்துதான் முதலில் கண்ணில் படும். மூன்றாவது, பெரிய வழவழப்பான மெல்லிய இலை. இருபத்தாறு தாள்கள். அத்தனையும் உங்களுக்கு முன்னால் இருந்த குள்ளப் பேராசிரியர் பறித்தவை. ஏழாவது, சின்னதான, தடித்த, பூனைமுடி இலை. பத்தொன்பது தாள்கள். அத்தனையும் நீங்கள் பறித்தவை. ஒரு தாள்கூட மாறவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் இரண்டு அடுக்கையும் மறுபடி புரட்டினேன். அவர் ஐந்தடி கூட இல்லை. அவர் கைக்கு எட்டியது நிழலில் கிடக்கும் அடிக் கிளை. நீங்களோ ஆறே கால் அடி. உங்கள் கை நேராக வெயில் காயும் உச்சிக்குத்தான் போகும். உங்கள் குறிப்பேட்டிலேயே எழுதியிருக்கிறீர்கள், "இரண்டு இனமும் எப்போதும் பின்னிப் பிணைந்தே வளர்கின்றன, வியப்பு" என்று. வியப்புதான்.

அப்போதும் மனசு ஒப்பவில்லை. என் பெயர் ஆயிற்றே. நாலு வருஷத்துக்கு முன்னால் ஏழாவதின் குச்சி ஒன்றைக் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரம் நட்டீர்கள். அது இப்போது மதிலைத் தாண்டிவிட்டது. துணி காயப் போடும்போது தினமும் பார்ப்பதுதான், குனிந்து பார்த்ததில்லை. அன்று குனிந்தேன். மதிலுக்கு மேலே எல்லாம் உங்கள் பூனைமுடி இலை. கீழே நிழலில் எல்லாம் பேராசிரியரின் வழவழப்பு இலை. தண்டு ஒன்றே ஒன்று. தொட்டிக்குப் பின்னால் அடிக் கிளையில் பதினொரு பழங்கள். மூன்றாவதுக்கு அவர் வரைந்து வைத்த பழம் அப்படியே, தோலில் ஐந்து புடைத்த வரியோடு. உச்சியில் ஒன்றுகூட இல்லை. நீங்கள் எட்டு மாதம் அண்ணாந்து தேடினீர்கள், நான் இங்கே அதன் மேல் துணி உலர்த்தினேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவர்கள் நாம் இரண்டு பேரும்தான்.

வீட்டுச் செடி ஒன்றை வைத்து முடிவு செய்யக்கூடாது என்பீர்கள். சரி. நாளைக்கு எந்தப் புதரிலாவது உச்சிக் கிளையைப் பிடித்து, தண்டோடு கையை இறக்கிக்கொண்டே தரைவரை போய்ப் பாருங்கள். முழங்கால் மடங்காவிட்டால் ஓட்டுநரைக் குனியச் சொல்லுங்கள்.

பொய் சொல்லமாட்டேன், அன்றைக்கு அழுதேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்றும் நினைத்தேன். ஆனால் எனக்காக நீங்கள் ஒரு தப்பை அச்சில் ஏற்றி, நாளைக்கு யாரோ ஒருவர் உங்களைப் பார்த்துச் சிரித்தால் என்னால் தாங்க முடியாது. இரண்டும் ஒரே இனம் என்றால் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும், அதுதானே உங்கள் சட்டம். என் பெயர் மூன்றாவதின் கீழே சின்ன எழுத்தில், கைவிட்ட பெயராகப் போய் உட்காரும். வைத்தவர் பெயரையும் கூடவே போடுவது முறை என்பதால் நீங்களும் பக்கத்தில் இருப்பீர்கள். எனக்கு அந்த இடம் போதும்.

ஏழாவதின் பக்கத்தை மட்டும் தனியாக எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறேன், பக்கத்தில் பென்சிலும். குறுக்கே கோடு போட எனக்குக் கை வரவில்லை. பெயர் வைத்த கைதான் போட வேண்டும். அதை அங்கிருந்து கடிதத்தில் சொல்லி என்னைப் போடச் சொல்லாதீர்கள். வந்து, என் எதிரில் உட்கார்ந்து போடுங்கள்.

பழத்தில் இரண்டை அணில் தின்றுவிட்டது. மிச்சம் ஒன்பதுக்கும் என் பழைய துப்பட்டாவைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். அவை உதிர்வதற்குள் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி