கேரியர் வச்ச சைக்கிள்

மேமலைத் தோட்டம், 5ஆம் லயம், எல்ல.
06.10.2024

அன்புள்ள சுபா அம்மாவுக்கு,

முதல்ல ஒரு வெக்கக்கேட்டைச் சொல்லிடுறேன். வேற ஆள் வாயால வந்தா இதைவிட மோசமா வரும். போன சனிக்கிழமை பதுளையில ஜாபிர் நானா கடையில ஒரு பழைய சைக்கிளை ஓட்டிப் பார்க்க எடுத்தேன். சைக்கிள்ல ஏறி முப்பது வருஷம் இருக்கும். ஒருதரம் பழகுனா மறக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கும் மறக்கல. சாரத்தைத் தூக்கிக் கட்டணும்ங்கிறதுதான் மறந்துபோச்சு. பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால வச்சு செயின் சாரத்தைப் புடிச்சு இழுத்துருச்சு. நல்லவேளை, நீ வாங்கிக் குடுத்த நீலக் கால்சட்டையை உள்ளுக்குப் போட்டிருந்தேன். மொனராகலை பஸ்ஸுல இருந்த சனம் பூரா எட்டிப் பார்த்துச்சு. துணி நல்ல துணிதான்.

போன்ல பேசினா சிரிக்க வச்சுப் பேச்சை மாத்திடுவேன்னு நீ எடுக்க மாட்டேங்கிற. எழுதச் சொல்லுன்னு மகள்கிட்ட சொல்லிவிட்டியாம். நாலாம் வகுப்போட நின்னவனுக்கு இதைவிடத் தண்டனை இல்ல. எழுதுறேன்.

காலையில பெரட்டுல பேர் குடுத்துத் தோட்ட வேலைக்குப் போறதை விட்டுட்டேன். இப்ப எல்ல டவுன்ல ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல பூச்செடி பார்க்குற வேலை. காலையில ஆறு மணிக்கு அங்க நிக்கணும். முதல் பஸ்ஸே ஆறரைக்குத்தான். த்ரீவீலுக்குக் குடுத்தா நான் பூச்செடியைத்தான் சாப்பிடணும். அதான் சைக்கிள்.

நம்ம கைக்கு எட்டுற மாதிரி மூணு நிக்குது. ஒண்ணு கியர் சைக்கிள், ஏத்தத்துல நல்லா ஏறும், ஆனா மட்கார்டு இல்ல, கேரியரும் இல்ல. ஒண்ணு பழைய கறுப்பு சைக்கிள், கேரியர் இருக்கு, கியர் இல்ல, எருமை மாதிரி கனம். மூணாவது ஜப்பான்ல ஓட்டிக் கழிச்ச லேடீஸ் சைக்கிள். மூணு கியர், செயினுக்கு மூடி, முன்னால கூடை, பின்னால நல்ல கேரியர். நிறம் ரோஸ்.

எனக்கு மட்டும்னா கியர் சைக்கிள் போதும். நீ கொழும்புக்குப் போய் ஏழு மாசம் ஆச்சு. கேரியர் வேணுமா வேணாமான்னு நீதான் சொல்லணும்.

முருகையா


கொழும்பு
15.10.2024

சுபா அப்பாவுக்கு சிவசக்தி எழுதுறது,

கால்சட்டைக் கதையைக் குசினியில நின்னு படிச்சுச் சிரிச்சுட்டேன். மேடம் என்னன்னு கேட்டாங்க. வெங்காயம்னு சொன்னேன். அதுக்காகக் கோவம் போச்சுன்னு நெனைக்காதீங்க.

சுபாவைக் கட்டிக் குடுத்துக் கண்டிக்கு அனுப்பின அன்னிக்கு நான் காம்பராவுக்குள்ள உக்காந்து அழுதேன். நீங்க வாசல்ல நின்னு, இனிமே ஒரு தட்டு கழுவுறது மிச்சம்னு சொன்னீங்க. வந்திருந்தவங்க பூரா சிரிச்சாங்க. நானும் கண்ணைத் தொடைச்சுக்கிட்டுச் சிரிச்சேன். மறுநாள் காலையில மூணு தட்டை எடுத்து வச்சுட்டு, ஒண்ணைத் திருப்பி உள்ள வச்சேன். அப்பவும் நீங்க ஏதோ சொல்லிச் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தீங்க. நான் வேலைக்கு வந்தது சம்பளத்துக்குன்னு லயத்து வீடுகள்ல எல்லாரும் பேசுறாங்க. பேசட்டும். உங்களுக்குத் தெரியணும்.

சைக்கிள்னா லேடீஸ் சைக்கிளை எடுங்க. சாரம் மாட்டாது. மழைக்குச் சேறு அடிக்காது. நிறத்தைப் பார்த்து ஆம்பளைங்க யாரும் எடுக்காததால விலையைக் குறைச்சுத் தருவாரு. லயமே உங்களைப் பார்த்துச் சிரிக்கட்டும். அது எப்படி இருக்கும்னு நீங்களும் ஒருக்காப் பாருங்க.

கேரியரைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது.

சிவசக்தி


மேமலை
10.11.2024

அன்புள்ள சுபா அம்மாவுக்கு,

நீ சொன்னதையே எடுத்துட்டேன். நான் கியரைத் திருகித் திருகிப் பார்த்துக்கிட்டு இருந்தேன். ஜாபிர் நானா என் கையை எடுத்து பிரேக்ல வச்சாரு. "ஏறுற இடத்துல இறங்கித் தள்ளலாம் முருகையாண்ணே. இறங்குற இடத்துல இது புடிக்காட்டி என்ன செய்வீங்க?" பிரேக்கட்டை நாலும் புதுசாப் போட்டுத் தந்தாரு.

லயத்துல நீ ஆசைப்பட்டது நடந்துச்சு. நாலாம் லயத்துப் பொடியனுங்க என்னை "அக்கா"ன்னு கூப்பிடுறானுங்க. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போற பொம்பளைங்க, பூ வாங்கித் தரவா, கூடையில சொருகிக்கிறீங்களான்னு கேக்குறாங்க. ரெண்டு நாள் நானும் சிரிச்சேன். மூணாம் நாள் சிரிப்பு வரல. கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருந்தேன். நீ எழுதின தட்டைப் பத்தி நெனைச்சுக்கிட்டு இருந்தேன். அதுக்கு மேல எழுத எனக்கு வரல.

கேரியர் தாங்குமான்னு பார்த்துட்டேன். கொழுந்து நிறுக்குற எடத்துல கணக்கப்பிள்ளையைக் கெஞ்சி, ஒரு சாக்குல கொழுந்தை அமுக்கி அம்பத்திரண்டு கிலோ கட்டி வச்சு ஓட்டினேன். கொழுந்துத் தராசுல நீ ஒருநாள் விளையாட்டுக்குத் தொங்கினப்ப அம்பத்திரண்டுதானே காட்டிச்சு. சாக்குக்கு ரெண்டு கிலோ கழிக்கவான்னு கேட்டாரு, பழக்கதோசம். கழிக்காதீங்க, வந்தா முழுசாத்தான் வருவாள்னு சொன்னேன்.

லயத்து வளைவுல திரும்பும்போது பெல் அடிக்கிறேன். உள்ள யாரும் இல்லன்னு தெரியும். கை அடிச்சிருது.

முருகையா


கொழும்பு
24.11.2024

சுபா அப்பாவுக்கு,

அம்பத்திரண்டு இல்ல. நாப்பத்திநாலு. மேடத்தோட குளியலறைத் தராசுல பார்த்தேன். இது உங்க கணக்கப்பிள்ளை தராசு இல்ல, கழிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. சாப்பாட்டுக்குக் குறை வைக்கல. நல்ல சனம். எல்லாரும் சாப்பிட்டு எழும்பினதும் நான் தனியா உக்காருறேன். எறங்க மாட்டேங்குது.

பொங்கலுக்கு நாலு நாள் லீவு தாராங்க. உங்க பேச்சுக்காக வரல, சைக்கிளைப் பார்க்க வாறேன். வந்த எடத்துல நான் அழுதா நக்கல் பண்ணக் கூடாது. பண்ணினா அடுத்த ரயில்ல ஏறிடுவேன். அதுக்கப்புறம் கடுதாசியும் வராது.

சிவசக்தி


மேமலை
05.12.2024

அன்புள்ள சுபா அம்மாவுக்கு,

சரி.

முருகையா


மேமலை
18.01.2025

அன்புள்ள சுபா அம்மாவுக்கு,

நேத்து உன்னை ரயிலேத்திட்டு வந்து, இன்னைக்கு எழுதுறேன். காம்பராவுல ரெண்டு தட்டு கழுவிக் கவுத்தபடி இருக்கு. ஒண்ணைத்தான் எடுத்தேன்.

பொங்கலுக்கு மறுநாள் நீ மகளோட பெட்டியைத் திறந்து, அதுல கிடந்த பள்ளிக்கூட ரிப்பனை மடியில வச்சுக்கிட்டு அழுதியே, அப்ப என் வாயில ஒண்ணு வந்துச்சு. நல்ல ஒண்ணு. முழுங்கிட்டு உன் பக்கத்துல உக்காந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியல. உலையில தண்ணி வத்திப்போற அளவுக்கு. அப்புறம் நீ மூக்கைத் தொடைச்சுக்கிட்டு, "என்ன, வாயில கொழுக்கட்டையா?"ன்னு கேட்ட. இத்தனை வருஷத்துல நீ சொல்லி நான் சிரிச்சது அன்னிக்குத்தான். பிறகு எனக்கும் கண் கலங்கிருச்சு. அது உனக்குத் தெரியாதுன்னு நெனைச்சேன். தெரிஞ்சிருக்கும். முழுங்கினது என்னன்னு ரெண்டு நாளாக் கேட்ட. சொல்ல மாட்டேன்.

ஸ்டேசனுக்கு இறக்கத்துல வர்றப்ப பின்னால என் சட்டையைப் புடிச்சிருந்த. தோள்கிட்டத் தையல் விட்டுருச்சு. இன்னும் தைக்கல.

ரயில் சத்தம் கேட்டதும், கேரியரைக் கழட்டிரவான்னு கேட்டேன். நான் நக்கல் பண்ணலன்னு உனக்குத் தெரிஞ்சுது. "இருக்கட்டும். சித்திரைக்கு முந்தி ஒரு மெத்தை தச்சுப் போடுங்க. எலும்பு குத்துது"ன்னு சொன்ன. அப்புறம் ரயில் வந்துருச்சு. சித்திரைக்கு இன்னும் மூணு மாசம். நான் எண்ணல, கெஸ்ட் ஹவுஸ்ல கலண்டர் தொங்குது.

திரும்பி வர்றப்ப ஏத்தம் பூரா இறங்கித் தள்ளினேன். நீ பின்னால உக்காந்திருக்கிற மாதிரியே பேசிக்கிட்டு வந்தேன். அந்த முழுங்கின ஒண்ணையும் சொல்லிட்டேன். எதிர்ல கொழுந்து லொறி ஓட்டிக்கிட்டு வந்த றில்வான் நிறுத்தி, யாரோட பேசுறீங்க அண்ணேன்னு கேட்டான். வீட்டு ஆளோடன்னு சொன்னேன். எட்டிப் பார்த்துட்டுப் போயிட்டான்.

சைக்கிளோட முன் கூடைக்குள்ள உன் பை இருக்கு. உடுப்பு, மூக்குக்கண்ணாடி, சுபா குடுத்தனுப்பின முறுக்கு எல்லாம் அதுக்குள்ளதான். உன்கூட டிக்கெட்டும் குடையும் மட்டும் போயிருக்கு. வழி பூரா பை என் கண்ணுக்கு முன்னாலதான் இருந்துச்சு. நான் பின்னால பார்த்துப் பேசிக்கிட்டு வந்ததால கவனிக்கல. முறுக்கு பாதி முடிஞ்சுது.

முருகையா