வாசலோடு முடிந்த கட்டுரை

மார்ச் 4
எபிரேய வார இதழிலிருந்து நோகா வந்திருந்தாள். என்னைப் பற்றி நாலு பக்கம் எழுதப்போகிறாளாம். இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் ஓர் அரபுப் பெண் – எத்தனை முறைதான் இதே கதை! ஃபுஆத் காப்பி ஊற்றிக்கொண்டே, “புருஷன்னு ஒருத்தன் இருக்கான்னு ஒரு வரி போடும்மா, ஊருக்குத் தெரியட்டும்” என்றார்.

மார்ச் 6
எங்கள் ஊர்ப் பையன் நிதாலைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். பட்டப்பகலில், தன் அம்மாவின் துணிக்கடை வாசலில். அவள் கும்பலுக்கு மாமூல் தர மறுத்தாள், பிள்ளையை எடுத்துக்கொண்டார்கள். பத்தொன்பது வயது.

மார்ச் 7
இழவு வீடு. நோகாவும் புகைப்படக்காரரும் கூடவே வந்தார்கள். நான் தடுத்திருக்க வேண்டும். ஏன் தடுக்கவில்லை? வாசலிலேயே உம்மு நிதால் மறித்தாள். நிதாலின் அம்மா – பிள்ளை போன பிறகும் அவளுக்கு அதுதான் பெயர்.

“எம்புள்ளய வச்சுப் படம் புடிக்க வந்தியா? போ வெளிய!”

அவர்கள் இருவரையும் டெல் அவிவுக்கே திருப்பி அனுப்பினேன். தெருமுனையில் நின்றிருந்த என்னை அவள் தங்கை பின்கட்டு வழியாக உள்ளே அழைத்துப்போனாள். உம்மு நிதால் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“சுட்டவன் மொகத்தப் பாத்தேன், சுஹைலா. வெளிய சொன்னா சின்னவனையும் முடிச்சிருவானுங்க. நீ உள்ள வந்ததே யாருக்கும் தெரியக் கூடாது.”

வாக்குக் கொடுத்தேன்.

மார்ச் 14
கட்டுரை வந்துவிட்டது. வாசலில் தலைகுனிந்து நிற்கிறேன், முழுப்பக்கம். ‘சொந்த மக்களே விரட்டிய தலைவி.’ நோகா பொய் எழுதவில்லை. பார்த்ததை எழுதினாள்.

மார்ச் 15
கட்சிச் செயலாளர் வதீஃ கத்தினார். “ஊருக்குள்ள காலெடுத்து வைக்க முடியாதவளுக்கு எவன் ஓட்டுப் போடுவான்? உள்ள போனேன், அந்தம்மாவப் பாத்தேன்னு ஒரு அறிக்கை விடு!”

“விடமாட்டேன்.”

“போனியா, இல்லையா? அதச் சொல்லு.”

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மார்ச் 16
ஃபுஆத்கிட்டகூடச் சொல்லல. அவரும் கேக்கல. கேட்டிருந்தா அழுதிருப்பேன்.

மே 2
வேட்பாளர் பட்டியலில் எனக்குப் பதினோராவது இடம். எங்கள் கட்சிக்குக் கிடைப்பது ஐந்தோ ஆறோ இடம்தான், அதுவும் பட்டியலில் மேலே இருப்பவர்களுக்கே. சந்தையில் மீன்காரன் நக்கலாகக் கேட்டான்: “என்னம்மா, எங்க வீட்டுப் பக்கமும் வருவீங்களா? சொல்லிட்டு வாங்க, கதவப் பூட்டிக்கிறோம்.” எல்லோரும் சிரித்தார்கள். மீனை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 20
மொல்தோவாவில் மருத்துவக் கல்லூரியில் இருக்கும் என் தம்பி மூலம் சின்னவனுக்கு அங்கே இடம் கிடைத்தது. இன்று விமானம் ஏறினான். அவன் தாய் போனில் ஒன்றே ஒன்று சொன்னாள்: “இனி எனக்கென்ன பயம்?”

நவம்பர் 11
ஹைஃபா நீதிமன்றம். சின்னவன் போனதும் உம்மு நிதால் போலீசில் அடையாளம் சொல்லிப் பிடிபட்டவன் கூண்டில் இருந்தான். அவனை நேராகப் பார்த்துக் கைநீட்டினாள். குரல் பிசிறவே இல்லை.

திரும்பும்போது பேருந்தில் கேட்டாள், “ஒன்ன ஏன் கட்சியில ஓரங்கட்டுனாங்க?”

“வயசாயிருச்சுல்ல” என்றேன்.

வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். ஊர் வரும்வரை நான் அசையவில்லை.

நாளை, அரசியலுக்கு வருமுன் நடத்திய என் பழைய மருந்துக்கடையை மறுபடி திறக்கிறேன்.